செத்தவர் பெயர் இல்லாத பட்டியல்

நேற்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியல் மறுபடியும் வந்தது. இந்த மாதம் உலகில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் எங்கெங்கே தாக்கினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயமடைந்தார்கள் என்று நாடு வாரியாக எண்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் என் தங்கை மகன் அனுப்பியிருந்தான். "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று கீழே ஒரு வரி. கால் மணி நேரத்தில் கோயில் கமிட்டிக் குழுவிலும் அதே பட்டியல் ஏறிவிட்டது. அங்கே ஒரு பெரியவர், "இதெல்லாம் நமக்கு எதற்கு, வெறுப்பைப் பரப்பாதீர்கள், அழித்துவிடுங்கள்" என்றார். அழித்தும்விட்டார்கள்.

அனுப்பியவன் மீதும் எனக்குக் கோபம், அழிக்கச் சொன்னவர் மீதும் கோபம். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

டர்பனில் நாங்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் இறுதிச்சடங்கு உதவிச் சங்கத்தின் பேரேட்டை 22 ஆண்டுகள் நான்தான் எழுதினேன். சாவைக் கணக்கில் எழுதுவது எனக்குப் பழகிய வேலை. பெயர், வயது, வீட்டு எண், என்ன காரணத்தால் இறந்தார், யார் வந்து சொன்னார்கள், டாக்டர் சான்றிதழ் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எனக்கு முன்னால் பேரேடு எழுதிய அண்ணன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார்: காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எழுதாதே. பல வீடுகளில் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்றுதான் எழுதினேன். பிறகு சான்றிதழ் வந்ததும் திருத்தினேன். சில கட்டங்கள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

அதனால் எண்ணவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. கொலையை எண்ணாமல் விடுவது மரியாதை அல்ல. 2015 ஏப்ரல் 2 அன்று கென்யாவில் கரிசா பல்கலைக்கழக விடுதிக்குள் சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல் ஷபாப் ஆட்கள் புகுந்து, முஸ்லிம் மாணவர்களையும் கிறிஸ்தவ மாணவர்களையும் பிரித்து நிறுத்திச் சுட்டார்கள். 148 பேர் இறந்தார்கள். மதத்தின் பெயரால், மதத்தைக் கேட்டுக் கேட்டுச் செய்த கொலை அது. அப்படியே சொல்லித்தான் எழுத வேண்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே ஈஸ்டர் என்றாலே ஐசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாதான். அந்த நாட்களில்தான் கொழும்புச் செய்தி வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், பெரிய ஹோட்டல்கள் என்று ஒரே காலையில் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள் பலர். தமிழ் பேசிய குழந்தைகள். குண்டு வைத்தவர்களின் தலைவனும் காத்தான்குடியில் பிறந்து தமிழில் பிரசங்கம் செய்தவன். இதை நம்மால் எப்படி அழித்துவிட முடியும்?

ஆனால் தங்கை மகன் அனுப்பியது கணக்கு அல்ல. கணக்கு என்றால் எண்ணைத் தந்தவர் யார், எப்படி எண்ணினார் என்று தெரிய வேண்டும். இதையே தொழிலாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970 முதலான சம்பவங்களை வைத்திருக்கிறது. பழைய விவரங்கள் பிங்கர்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் சேர்த்தவை. அவர்கள் அலுவலகம் மாற்றியபோது 1993ஆம் ஆண்டின் பதிவுகள் தொலைந்துபோயின. அந்த ஆண்டை இட்டு நிரப்பாமல், இடைவெளி இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே தரவைக் கொடுக்கிறார்கள். இது பயங்கரவாதம்தானா என்று ஐயம் இருந்தால் அதைக் குறிக்கவும் அவர்களிடம் தனிக் கட்டம் உண்டு. எங்கள் பேரேட்டின் "தெரியவில்லை" போலவே.

ஆக்லெட் என்ற இன்னொரு நிறுவனம் உலகெங்கும் மோதல்களைப் பதிவு செய்கிறது. ஒரு சம்பவத்துக்குப் பல எண்ணிக்கைகள் வந்தால் குறைந்ததையே எடுப்பார்கள். "பலர் இறந்தனர்" என்று மட்டும் செய்தி வந்தால், போர் நடக்கும் இடமென்றால் 10 என்றும் மற்ற இடமென்றால் 3 என்றும் போட்டுக்கொள்வது அவர்கள் விதி. அந்த எண் சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் விதி என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் படிக்கலாம். நம் வாட்ஸ்அப் பட்டியலுக்கு என்ன விதி? யார் கை எழுதியது? கேட்டால் பதில் கிடையாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பட்டியல்களில் கொலைகாரர்களே மார்தட்டி அறிவித்ததுதான் எளிதில் இடம்பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கரிசாவுக்கு அல் ஷபாப் பொறுப்பேற்றது. ஈஸ்டர் குண்டுகளுக்கு ஐ.எஸ். பொறுப்பேற்றது. 2017 அக்டோபர் 14 அன்று சோமாலியாவின் மொகதிஷுவில் ஒரு லாரி வெடித்து 580 பேருக்கு மேல் செத்தார்களே, அதற்கு யார் பொறுப்பேற்றார்கள்? யாரும் இல்லை. அல் ஷபாப்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர்கள் மட்டும் வாய் திறக்கவில்லை. செத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அவர்கள் யாருக்காகப் போராடுவதாகச் சொல்கிறார்களோ அந்த ஊர் முஸ்லிம்கள். அடுத்த மாதம், நவம்பர் 24, எகிப்தின் சினாயில் பிர் அல் அபெத் அருகே ஒரு பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்தவர்களில் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கையில் ஐ.எஸ். கொடி இருந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். எந்த அமைப்பும் பொறுப்பேற்கவில்லை. அந்நியரைக் கொன்றால் உலகம் முழுவதும் கேட்கக் கத்துகிறார்கள். சொந்த மதத்தவரைக் கொன்றால் இப்படிச் சில வேளை மௌனமாகிவிடுகிறார்கள். அவர்கள் கத்தியதை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால், எதை உலகம் பார்க்க வேண்டும் என்று கொலைகாரன் விரும்பினானோ அதையே நாம் அவனுக்காகச் சுமந்துபோய்க் காட்டுகிறோம்.

இந்தச் சில ஆண்டுகளாக உலகில் பயங்கரவாதத்தால் சாவோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் இருக்கும் சஹேல் பகுதியில்தான் சாகிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். நம் பட்டியலில் நாட்டின் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது. செத்தவர் யார் என்ற கட்டம் மட்டும் இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டால் பட்டியலைப் படிப்பவன் மனத்தில் எழும் படமே வேறாகிவிடும். அதனால்தான் அது இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்கோ ஏன் போக வேண்டும்? டர்பனுக்கு வடக்கே இருக்கும் வெருலமுக்கு வாருங்கள். 2018 மே 10, ஒரு வியாழக்கிழமை. இமாம் ஹுசைன் பள்ளிவாசலில் மதியத் தொழுகை முடிந்த நேரத்தில் மூன்று பேர் கத்திகளோடு நுழைந்தார்கள். ஒருவர் செத்தார், இருவர் படுகாயமடைந்தார்கள், கட்டடத்துக்கும் தீ வைத்தார்கள். அது ஷியா பள்ளிவாசல். சில நாட்களில் அதே இடத்தில் தீப்பற்ற வைக்கும் கருவி ஒன்று கிடைத்தது. ஜூலையில் டர்பன் கடைகளிலும் அதுபோன்ற கருவிகள். ஹாக்ஸ் என்ற சிறப்புப் புலனாய்வுப் பிரிவுப் போலீசார், நடந்த விதத்தில் தீவிரவாதத்தின் கூறுகள் தெரிகின்றன என்றார்கள். அக்டோபரில் பலரைக் கைது செய்தார்கள். 2020இல் அரசுத் தரப்பு தயாராக இல்லை என்று நீதிமன்றம் வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எந்த அமைப்பும் பொறுப்பேற்கவில்லை, யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

நம் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம். தங்கை மகன் வீட்டிலிருந்து இன்னும் அருகில். அவன் அனுப்பிய எந்தப் பட்டியலிலும் வெருலம் வந்ததில்லை. ஏன் என்று அவனையே கேட்டேன். "அது அவர்களுக்குள் நடந்த சண்டை, மாமா" என்றான். தொழுகையில் இருந்தவனின் கழுத்தில் கத்தி வைப்பது இரண்டு பேருக்குள் நடக்கும் சண்டையா?

மொசாம்பிக் விஷயத்துக்கு வருகிறேன். இதை என்னால் பேப்பரில் படித்துவிட்டு மடித்துவைக்க முடியாது, காரணம் என் பக்கத்து வீடு. சாட்ஸ்வர்த் பேவியூவில் சான்சிபாரிகள் என்று நாம் அழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் முன்னோர் பெரும்பாலும் வடக்கு மொசாம்பிக்கின் மக்குவா மக்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்டு 1873 முதல் டர்பனில் கொண்டுவந்து இறக்கியவர்கள். பிளஃப் பக்கம் கிங்ஸ் ரெஸ்டில் இருந்தார்கள். நிறவெறிச் சட்டம் அவர்களை "மற்ற ஆசியர்" என்று எழுதி, 1960களில் நம்மோடு சேர்த்துச் சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தியது. அவர்கள் முஸ்லிம்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு முதலில் தண்ணீர்க் குடத்தோடு வருவது பக்கத்து வீட்டுப் பாட்டிதான்.

அந்த வடக்கு மொசாம்பிக்கில், காபோ டெல்காடோ மாகாணத்தில், 2017 அக்டோபர் 5 அன்று ஓர் இஸ்லாமியத் தீவிரவாதக் குழு மோசிம்போவா டா பிராயா நகரின் காவல் நிலையங்களைத் தாக்கித்தான் அங்கே போர் தொடங்கியது. அதற்கு முன்பே உள்ளூர் முஸ்லிம் தலைவர்கள் அதிகாரிகளிடம் போய், இந்த இளைஞர்கள் பள்ளிவாசல்களில் புதிதாக ஏதோ பேசுகிறார்கள், கவனியுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். காத்தான்குடியிலும் அப்படித்தான், ஊர் முஸ்லிம்களே போலீசில் முறையிட்டார்கள். இரண்டு இடத்திலும் காது கொடுக்க ஆளில்லை. ஐ.எஸ். அந்தக் குழுவைத் தன்னுடையது என்று அறிவித்தது 2019 நடுவில்தான். அதற்கு முந்தைய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வெட்டப்பட்டவர்கள் பொறுப்பேற்புப் பட்டியலில் வரமாட்டார்கள்.

2020 ஏப்ரல் 7 அன்று ஷிட்டாஷி கிராமத்தில் கூட்டத்தில் சேர மறுத்த 52 இளைஞர்களைக் கொன்றார்கள். அதே நாளில் பால்மா சமூக வானொலியின் பத்திரிகையாளர் இப்ராய்மோ இம்பாருக்கோ, ராணுவத்தினர் தன்னைச் சூழ்ந்திருப்பதாக நண்பருக்குச் செய்தி அனுப்பினார். அதன் பிறகு அவரைக் காணவில்லை. எண்ண வேண்டியவர்களையே காணாமல் போக்கினால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? 2021 மார்ச் 24 அன்று பால்மா நகரம் தாக்கப்பட்டபோது அரசு சொன்னது சில டஜன் பேர். பிறகு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் உள்ளூர் ஆட்களை வைத்து வீடு வீடாகக் கேட்டு எழுதச் செய்தார். இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். நம் செய்தித்தாள்களிலோ அப்போது அமருலா ஹோட்டலில் சிக்கிய வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள்தான் முதல் பக்கம். அவர்களிலும் நம் நாட்டவர் ஒருவர் செத்தார், அந்தத் துக்கம் பொய்யில்லை. ஆனால் அந்த ஆயிரம் பேர் எந்தப் பக்கத்தில் இருந்தார்கள்?

ஒரு சமூகத்தையே ஒரு கட்டத்துக்குள் போட்டால் எப்படி இருக்கும் என்று ஃபீனிக்ஸ்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவற்றில் பல, இந்தியர்களில் சிலர் செய்த கொலைகள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதன் பிறகு "இந்தியர்கள் கொலைகாரர்கள்" என்று ஊரெல்லாம் செய்தி சுற்றியபோது, வாசலில் இரவெல்லாம் பயந்து உட்கார்ந்திருந்த தங்கை மகனும் அதில் சேர்த்தி. அவன் அன்று என்னிடம் போனில் அழுதான். நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையே மாமா என்றான்.

தமிழர் என்பதாலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மேரிலாந்து தரவுத்தளத்தில் விடுதலைப் புலிகளுக்கும் நீண்ட பக்கங்கள் உண்டு. 1990 ஆகஸ்ட் 3 அன்று அதே காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைச் சுட்டுக்கொன்றது தமிழ் பேசிய கைகள். அந்தப் பக்கத்தைக் காட்டி எவனாவது என் பேத்தியைப் பார்த்தால் என் ரத்தம் கொதிக்கும். காத்தான்குடியின் ஒரு கொலையைச் சொல்லி இன்னொன்றைக் கழிக்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும், எதுவும் எதையும் கழிக்காது.

இன்று காலை ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி, எங்கள் சங்கப் பேரேடு போலவே கோடு போட்டேன். இடம், தேதி, செத்தவர் யார், கொன்றவர் யார், யார் சொன்னது, ஐயம் உண்டா. தங்கை மகனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் அனுப்பிய பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எடுத்துத் தேடி, இந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பது என் நிபந்தனை. வருகிறேன் என்றிருக்கிறான்.

முதல் வரியாக வெருலமை நானே எழுதினேன். "கொன்றவர் யார்" என்ற கட்டத்தில் "தெரியவில்லை". இரண்டாவதாகப் பால்மாவை எழுதும்போது பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். "செத்தவர் யார்" கட்டத்தில் நான் "உள்ளூர் மக்கள்" என்று எழுதியிருந்தேன். பாட்டி தலையசைக்கவில்லை. அங்கே என்ன மொழி பேசுவார்கள் என்று தெரியாதா உனக்கு என்று கேட்டார். அடித்துவிட்டு முவானி, மக்கொண்டே, மக்குவா, சுவாஹிலி பேசியவர்கள் என்று எழுதினேன். மக்குவாவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.