எல்ச்சி வருகிறான், வீட்டை இடித்துப் போடு

மூன்று நாளாக என் டைம்லைனில் ஒரே வீடியோதான் சுற்றுகிறது. புழுதி பறக்க ஒரு மங்கோலியக் குதிரைக்காரன் போகிறான், பின்னணியில் தொண்டையைக் கரகரத்துப் பாடும் பாட்டு, கீழே "உலகின் முதல் கூரியர் சர்வீஸ்", அதற்கும் கீழே "இவர்கள் தூதனைத் தொட்டவன் நாடே காலி". கமென்ட்டில் ஆளாளுக்கு நெருப்பு எமோஜி.

முதல் கூரியர் என்பது தப்பு. பாரசீக மன்னர்கள் அதற்கு ஆயிரத்து எழுநூறு வருடம் முன்பே அஞ்சல் குதிரை வைத்திருந்தார்கள். அதை விடுங்கள், சின்ன விஷயம். எனக்குக் கோபம் வேறு இடத்தில். அந்தக் குதிரைக்குத் தீவனம் யார் போட்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே, அதில்தான்.

முதலில் இந்த ஆள் யார் என்று பார்ப்போம். 'எல்ச்சி' என்பார்கள். துருக்கியில் இன்றைக்கும் தூதருக்கு அதே சொல்தான். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி ஓலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ஆள் மட்டும் இல்லை. வரி வசூலுக்கு வருகிறவன் எல்ச்சி, வீட்டுக்கணக்கு எடுக்க வருகிறவன் எல்ச்சி, படைக்கு ஆள் கேட்டு வருகிறவனும் அவனே, இளவரசியின் சொந்த வேலைக்காக வருகிறவனும் அவனே. காரகோரம் என்று தலைநகரம் ஒன்று இருந்தது, சரி, ஆனால் கான் வருடத்தில் பாதி நாள் கூடாரத்தோடு நகர்ந்துகொண்டிருப்பவர். கிழக்கே மஞ்சள் கடலில் தொடங்கி மேற்கே கருங்கடல் வரைக்கும் நீண்ட பேரரசில் ஒரு சாமானியனுக்கு அரசாங்கம் என்பது கண்ணால் பார்க்கிற பொருளாக இருந்ததென்றால், அது தன் வாசலில் வந்து இறங்கிய எல்ச்சிதான்.

ஆரம்பத்தில் இது அழகான ஏற்பாடாகத்தான் இருந்திருக்கிறது. 1203-இல் தெமுஜின் (பிறகு செங்கிஸ்கான்) ஓடி ஒளிந்திருந்த காலம். அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்த கெரெயிட் குலத்தலைவர் ஓங்கானே அவர்மேல் படையெடுத்துவிட்டார். தெமுஜின் இரண்டு பேரைத் தூது அனுப்புகிறார். கையில் கடிதம் கிடையாது, அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் மோனை போட்டு, கிட்டத்தட்டப் பாட்டு மாதிரி, அந்த இருவரின் வாயில் ஏற்றி அனுப்புகிறார். நான் என்ன தப்பு செய்தேன் அப்பா, இரண்டு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் ஒடிந்தால் மாடு இழுக்குமா, உனக்கு நான் அந்த இரண்டாவது சக்கரமாக இல்லையா என்று போகும். இதைக் கேட்ட ஓங்கான் கலங்கிப்போய், அம்பு சீவுகிற சின்னக் கத்தியால் தன் சுண்டுவிரலைக் கீறி, சொட்டிய ரத்தத்தைப் பூர்ஜ மரப்பட்டையில் செய்த சின்னக் கிண்ணத்தில் பிடித்து, என் மகனிடம் கொடுங்கள் என்று அந்தத் தூதர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். மங்கோலியர்களே எழுதிவைத்த வரலாற்றில் வருகிற காட்சி இது. (அந்த ரத்தமும் கலக்கமும் அதிக நாள் தாங்கவில்லை, அது வேறு கதை.)

இந்த ஊரில் தூதனைக் கொல்வது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்பது இங்கே புரிந்துவிடும். எழுத்து இல்லாத இடத்தில் கடிதமும் அவன்தான், முத்திரையும் அவன்தான். அவனை வெட்டினால் அனுப்பியவரை வெட்டின மாதிரி.

பேரரசு பெரிதான பிறகு இது தாங்கவில்லை. தூதர்கள் குடிமக்களின் மந்தைகளுக்கு நடுவே புகுந்து, கிடைத்த குதிரையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், வேலையும் தாமதமாகிறது, ஜனங்களும் கஷ்டப்படுகிறார்கள் என்று செங்கிஸ்கானுக்குப் பின் வந்த அவர் மகன் ஒகதாய் கானே தன் அண்ணன் சகதாயோடு கலந்து பேசியிருக்கிறார். அதற்கு வைத்தியமாகத்தான் 1234 வாக்கில் 'யாம்' என்கிற அஞ்சல் நிலைய அமைப்பு முறைப்படுத்தப்படுகிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு நிலையம், மாற்றுக் குதிரை, பால் கறக்க பெட்டைக் குதிரை, சாப்பாட்டுக்கு ஆடு. கழுத்தில் அல்லது இடுப்பில் 'பைசா' என்ற உலோகத் தகடு தொங்கினால் போதும், எல்லாம் கிடைக்கும். நம் பைசா இல்லை, இது சீனச் சொல். "என்றுமுள்ள வானத்தின் வலிமையால், கானின் ஆணை, மதிக்காதவன் சாவான்" என்கிற ரீதியில் அதில் வெட்டியிருக்கும்.

தூதர் தொல்லையைக் குறைக்கத்தான் யாம் பிறந்தது. வேகம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அது பாதிக் காரணம்தான்.

வேகமும் நிஜம். போப் நான்காம் இன்னசென்ட் அனுப்பிய பாதிரியார் ஜான் கார்ப்பினி, அறுபது வயதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. 1246 ஏப்ரல் 8-இல் வோல்கா கரையில் செங்கிஸ்கானின் பேரன் பட்டுகானின் முகாமிலிருந்து புறப்பட்டவர் ஜூலை 22-இல் மங்கோலியாவில் கானின் கூடார நகருக்குப் போய்ச் சேர்கிறார். 106 நாள், சுமார் 3,000 மைல். குலுங்கலைத் தாங்க உடம்பில் இறுக்கமாகத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டார்களாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு முறை குதிரை மாற்றுவார்களாம். சாப்பாடு? தினையை உப்புத்தண்ணீரில் வேகவைத்தது. அவருக்குக் கிடைத்த பதில் கடிதம் இன்னும் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் பாரசீக மொழியில், சிவப்பு முத்திரையோடு இருக்கிறது. நீயே எல்லா ராஜாக்களையும் கூட்டிக்கொண்டு வந்து பணிந்து போ என்று போப்புக்கே எழுதிய ஆள் அந்த வருடம் பட்டம் ஏறிய குயுக் கான்.

கார்ப்பினியிடம் எனக்குப் பிடித்த இடம் திரும்பிப் போகும்போது வருகிறது. உங்களோடு எங்கள் தூதர்களையும் அனுப்பட்டுமா என்கிற பேச்சு எழுகிறது. மனுஷர் நழுவிவிடுகிறார். எங்கள் நாட்டில் நாங்களே அடித்துக்கொள்வதை அவர்கள் பார்த்துவிட்டால் தைரியமாகப் படையெடுத்து வருவார்கள், அவர்கள் வேவு பார்க்கத்தான் வருகிறார்கள், எங்கள் ஆட்கள் யாராவது அவர்களைக் கொன்றுவிட்டால் முடிந்தது கதை என்று காரணங்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். நேரில் இருந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது, இந்தத் தூதன் விருந்தாளி இல்லை என்று.

அப்புறம் அந்த "தொட்டவன் காலி" வசனம். 1218-இல், மத்திய ஆசியாவை ஆண்ட குவாரசம் ஷாவின் ஒத்ரார் கோட்டைத் தலைவன் இனால்சுக், செங்கிஸ்கானின் 450 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றுபோட்டான். நியாயம் கேட்டு வந்த மூன்று தூதர்களில் ஒருவரைக் குவாரசம் ஷா கொன்றான், மற்ற இருவரின் தாடியை எடுத்துத் திருப்பி அனுப்பினான். அடுத்த சில வருடங்களில் சமர்கந்த், புகாரா, ஒத்ரார் எல்லாம் போயின. 1223-இல் ருஷ்ய இளவரசர்களும் தூதர்களைக் கொன்றுவிட்டுக் கால்கா ஆற்றங்கரையில் அடி வாங்கினார்கள். இதுவரை சரி. வீடியோ இங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கதை மாறிவிடும். 1260-இல் எகிப்தின் சுல்தான் குதுஸ், செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவின் தூதர்களைக் கொன்று தலைகளைக் கெய்ரோவின் சுவைலா வாசலில் மாட்டினார், அதே வருடம் செப்டம்பரில் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியப் படையைத் தோற்கடித்தும் விட்டார். ஜப்பானில் ஹோஜோ தொகிமுனே 1275-இல் சீனாவை ஆண்ட குப்ளாய் கானின் தூதர்களின் தலையை வெட்டினார், 1279-இல் வந்தவர்களுக்கும் அதே கதி, 1281-இல் வந்த பெரும் கப்பற்படை புயலில் சிக்கி அழிந்தது. ஜாவாவின் கெர்த்தநகரன் 1289-இல் தூதரின் முகத்தைச் சிதைத்து அனுப்பினான், தண்டிக்கப் போன படை 1293-இல் ஏமாந்து திரும்பியது. ஆக, குதிரை ஓடுகிற தூரம் வரைக்கும்தான் அந்த வசனம் செல்லும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

ஈரானை ஆண்ட மங்கோலியக் கிளையில் கசன் கானின் அமைச்சராக இருந்தவர் ரஷீதுத்தீன். கசனுக்கு முன்னால் எல்ச்சிகள் என்ன ஆட்டம் போட்டார்கள் என்று அவர் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் வயிறு எரியும். கான் மட்டுமா, இளவரசன், ராணி, தளபதி என்று ஆளாளுக்கு எல்ச்சி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் நூறு, இருநூறு எல்ச்சிகள் குடிமக்களின் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். தங்க வீடு பார்க்கிறேன் பேர்வழி என்று அவர்களின் ஆட்கள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டுவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் "எங்களை விட்டுவிடுங்கள்" என்று காசு வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் காசு இல்லாதவன் வீட்டில் போய் இறங்குவார்கள். பாய், படுக்கை, பாத்திரம் எதுவும் மிஞ்சாது. பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டத்தில் குதிரையை அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் குதிரை தோட்டத்துக்கு அடியில் ஓடும் கால்வாயின் கிணற்றுக்குழிக்குள் விழுந்து தொலைந்தால், அதற்கும் தோட்டக்காரனே தண்டம் கட்ட வேண்டும்!

விளைவு? யாரும் நல்ல வீடு கட்டவில்லை. கட்டியவன் அது கல்லறை, அது மடம் என்று பெயர் சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். வாசலைத் தரைக்குக் கீழே, வளைந்து நெளிந்து, குனிந்து போகிற மாதிரி வைத்தவர்கள் உண்டு. வீட்டைப் பாழடைந்தமாதிரி விட்டுவைத்தவர்கள் உண்டு. வழிப்பறிக்காரர்களுக்கோ இது நல்ல தோது, நாங்களும் எல்ச்சிதான் என்று சொல்லியே வழிப்போக்கனின் குதிரையைப் பறித்துக்கொண்டு போனார்கள். எல்ச்சிகளே எதிரே வந்த எல்ச்சியை அடித்துக் குதிரையைப் பிடுங்கிக்கொண்டதும் உண்டு. அரசாங்க ஆள் யார், திருடன் யார் என்று பிரித்துப் பார்க்க ஜனங்களுக்கு வழியே இல்லை.

இதை மேலே இருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை. மோங்கே கான் 1251-இல் பட்டம் ஏறியதுமே, முந்தின கான்கள் வாரி வழங்கிய பைசாக்களையும் ஆணைகளையும் திரும்பப் பெறச் சொன்னார். வியாபாரிகள் அஞ்சல் குதிரை ஏறக் கூடாது, தூதர்கள் வேலை இல்லாத ஊருக்குள் நுழையக் கூடாது என்றார். நல்ல ஆணைதான். நாற்பது வருடம் கழித்து ஈரானில் நிலைமை ரஷீதுத்தீன் சொன்னதுதான். ஆணையை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போக வேண்டியவனும் எல்ச்சிதானே!

கடைசியாக ஒரு கப்பல் கதை. ஈரானிலிருந்து அர்கூன் கான் தனக்குப் பெண் கேட்டு குப்ளாயிடம் மூன்று எல்ச்சிகளை அனுப்புகிறார். கொகச்சின் என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு அவர்கள் கடல் வழியாகத் திரும்புகிறார்கள், மார்க்கோ போலோ கூடவே வந்தது இந்தப் பயணத்தில்தான். 1290-ஆம் வருடத்துச் சீன அலுவலகக் குறிப்பு ஒன்றில் மூவர் பெயரும் இருக்கிறது, 'மாபார்' வழியாகப் போகிறார்கள் என்றும் இருக்கிறது. மாபார் என்றால் நம் பாண்டியக் கரை. அவர்கள் கப்பல் ஏறிய சுவான்சௌ துறைமுகத்தில் பத்து வருடம் முன்பே, 1281-இல், நம் ஆட்கள் சிவன் கோயில் எழுப்பி, கானின் பர்மான்படி (ஆணைப்படி) என்று தமிழிலேயே கல்வெட்டும் வைத்திருந்தார்கள். அந்தச் சீனக் குறிப்பு எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? படியளக்க. 160 பேரில் 90 பேருக்குத்தான் தானியப்படி உண்டு, மீதி 70 பேர் அன்பளிப்பாக வந்தவர்கள், விலைக்கு வாங்கப்பட்டவர்கள், அவர்களுக்குக் கொடுக்காமல் விடலாமா என்று அதிகாரி கேட்கிறார். கொடுக்க வேண்டாம் என்று பதில் வருகிறது.

வழியில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள், மூன்று எல்ச்சிகளில் ஒருவர்தான் பிழைத்தார் என்கிறார் போலோ. போய்ச் சேர்ந்தபோது பெண் கேட்டனுப்பிய அர்கூனும் உயிரோடு இல்லை. பெண்ணை அவர் மகனிடம் ஒப்படைத்தார்கள். அந்த மகன்தான் கசன். 1295-இல் ஆட்சிக்கு வந்தபின் எல்ச்சிகளுக்குத் தனியாகச் சத்திரம் கட்டி, இனிமேல் குடிமக்கள் வீட்டில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர்.