கைடோடு போவதா, தனியாகப் போவதா: முதலில் கறியை யார் சுமப்பது என்று முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வில்லோடு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் கைடு வைத்துக்கொள்வதா, நாமே போய்க்கொள்வதா என்று பணக் கணக்கைப் போட்டே முடிவெடுக்கிறார்கள். பணத்துக்கு நான் மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். அதற்கு முன்னால் சட்டம் இருக்கிறது, எடை இருக்கிறது.

சட்டத்தைப் பார்த்தால் சில இடங்களில் கேள்விக்கே இடமில்லை. அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் ஆடு (வெள்ளைக் காட்டுச் செம்மறி), மலை ஆடு இந்த மூன்றுக்கும் வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற கைடோடு போக வேண்டும். இல்லையென்றால் அங்கேயே வசிக்கும், 19 வயது நிறைந்த நெருங்கிய உறவினர் கூட வரவேண்டும். அலாஸ்காவில் வசிக்காத, அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு, பெரிய மான்களான மூஸ், காரிபூ உட்பட எல்லாப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம். வயோமிங்கில் ‘வில்டர்னஸ்’ என்று கூட்டரசு அறிவித்த நிலத்துக்குள் வெளிமாநிலத்தவர் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். பெரிய விலங்கை வேட்டையாட மட்டும் கைடோ, அதற்கான அனுமதி பெற்ற அந்த மாநிலத்தவர் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிறதே என்று டேக் (ஒரு விலங்கை வேட்டையாட மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு) வாங்கிவிட்டு, அந்த யூனிட்டில், அதாவது சீட்டு செல்லும் வேட்டைப் பகுதியில், நல்ல இடமெல்லாம் வில்டர்னஸ் என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே எல்லைக் கோட்டைப் பார்த்துவிடுங்கள். நியூ மெக்சிகோவில் குலுக்கல் டேக்குகளில் 84 சதவீதம் மாநிலத்தவருக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து தரும் தொழில்காரர்) ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, 6 சதவீதம் கைடு இல்லாத வெளிமாநிலத்தவருக்கு. அங்கே கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, டேக் கிடைக்கும் வாய்ப்புக்கான விலை.

இனி எடை. வளர்ந்த ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய கறியே ஏறத்தாழ 80 முதல் 110 கிலோ தேறும். மலைப்பாதையில் ஒருவர் பத்திரமாகச் சுமக்கக்கூடியது 30 கிலோ. அதாவது நான்கு நடை. வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நின்றால், சுமையோடு 20, வெறும் முதுகோடு திரும்ப 15, மொத்தம் 35 கிலோமீட்டர். அதுவும் 2,500 மீட்டருக்கு மேலே, செப்டம்பர் வெயிலில். வில் பருவம் துப்பாக்கிப் பருவத்துக்கு முன்னால் வருவதால், கறிக்கு முதல் எதிரி வெப்பம்தான். தோல் போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும்; தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டைச் சுற்றித்தான் முதலில் நாற்றம் தொடங்கும். ஆகவே தோலை உடனே உரித்து, கால்களைப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே புழுங்கிக் கெட்டுவிடும். தனியாகப் போகிறவர் வண்டியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் அம்பு விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விட்டே ஆகவேண்டுமென்றால் குதிரையோடு வரும் பேக்கர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தேசிய வனத்தில் கூலிக்குச் சுமக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கைடின் உண்மையான மதிப்பு வில் வேட்டையில் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. இணைசேரும் பருவத்தில், எல்க் போல நாம் எழுப்பும் குரலுக்கு ஆண் எல்க் வரும். ஆனால் குரல் வந்த இடத்தில் பெண் எல்க் கண்ணில் படவில்லை என்றால் 60, 80 கஜத்தில் நின்றுவிடும். துப்பாக்கிக்காரருக்கு அது போதும், வில்லுக்குப் போதாது. குரல் கொடுப்பவர் வில்லாளிக்கு 40, 50 கஜம் பின்னால் இருந்தால், விலங்கு நின்று பார்க்கும் இடமே வில்லாளியின் எல்லைக்குள் விழும். இதற்கு இரண்டாவது ஆள் தேவை. குரல் பழகிய நண்பர் ஒருவர் இருந்தால் கைடில் பாதி கிடைத்த மாதிரி. மறு பாதி, காற்றும் நிலமும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். அந்தத் திருப்பம் எந்தப் பள்ளத்தில் எத்தனை மணிக்கு என்பது பல பருவம் அங்கே நடந்தவருக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று: பல அவுட்ஃபிட்டர்கள் ரத்தம் கண்டால் வேட்டை முடிந்தது என்று எழுதியிருப்பார்கள். காயம்பட்ட விலங்கு கிடைக்காவிட்டாலும் உங்கள் டேக் கணக்கு தீர்ந்தது. இது நியாயமான விதி என்றே நினைக்கிறேன். தனியாகப் போகிறவரும் இதையே தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நுரையீரலில் பட்டால் அரை மணி, ஈரலென்றால் 4 முதல் 6 மணி, குடலென்றால் 8 முதல் 12 மணி பொறுத்த பிறகே தடம் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு எழுப்பிவிட்ட விலங்கு, அடுத்த மலைக்குப் போய்விடும். ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர், டேக் கட்டணமும் கறி வெட்டும் கூலியும் விலைக்குள் வருமா, வெற்றி விகிதம் சொன்னால் அது வில்லுக்கா துப்பாக்கிக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துப்பாக்கிக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் எண் அழகாகத் தெரியும்.

முதல் எல்க் வேட்டைக்கு என் தேர்வு இரண்டுக்கும் நடுவில் உள்ள டிராப் கேம்ப். அவுட்ஃபிட்டர் குதிரையில் கூடாரத்தையும் உங்களையும் உள்ளே இறக்கிவிட்டுப் போவார், வேட்டை உங்கள் பொறுப்பு, கறியை இறக்க மறுபடி குதிரை வரும். இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள். முந்தைய வாரம் அதே கூடாரத்தில் வேறு குழு இருந்து அந்தப் பள்ளத்து எல்க்கை எல்லாம் கலைத்திருக்கும். அல்லது கறி கிடைத்த நாளில் குதிரையை அழைக்க வழி இருக்காது. முன்பதிவு செய்யும்போதே உங்களுக்கு முந்தைய குழு எப்போது கிளம்புகிறது, அதே பள்ளத்தில் வேறு எத்தனை கூடாரம், செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் குதிரை வரும் என்று கேளுங்கள். மூன்றாவதற்கு 24 மணிக்கு மேல் பதில் வந்தால், செப்டம்பர் முதல் பாதியில் அந்த இடத்தை எடுக்காதீர்கள்.