ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம்

இசை கற்கும் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் (வீட்டுப் பயிற்சி) செய்தே ஆக வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ரொம்ப ஓவர். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். மகள் வயலின் கற்கிறாள். ஸ்கூல் விட்டு வந்து டிபன் முடிந்ததும் 15 நிமிடம், அவ்வளவுதான். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரே ஒரு சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி). முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) தாளம் சரியாக நிற்கும் வரை, இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்கு விடுவதில்லை. வயலினைப் பரண் மேல் வைத்தால் யார் எடுப்பார்கள்? ஹாலிலேயே, சுருதிப் பெட்டி பக்கத்தில் இருக்கட்டும். (கடல் காத்துக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் துணியால் துடைப்பது அவள் வேலை.) முக்கியமா, நீங்களும் கூட உட்கார்ந்து தாளம் போடுங்க, கையில் போன் இல்லாமல். ஸ்டிக்கர் பரிசெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் அன்று லீவு. மறுநாள் அதே நேரத்துக்கு வயலின் வில்லைக் கையில் எடுத்துவிடுவாள்.