அரைமணி நேர ஆல்பத்துக்குக் கால்மணி நேரத் தீர்ப்பு

நேற்று முன்தினம் மாலை நடந்ததை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் ஆல்பத்தின் பெயரையோ இசையமைப்பாளரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய ரசிகர்கள் ஒரு பக்கமும் மற்றவருடைய ரசிகர்கள் மறுபக்கமும் வந்து நின்றுகொண்டு, நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசுவார்கள். ஆறு மணிக்கு ஆல்பம் வந்தது. ஆறேகாலுக்கு, நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த நண்பரின் இணையப் பக்கத்தில், "ஆல்பம் அவுட். ஐந்துக்கு ஒன்றரை. மனிதர் ஓய்வு பெறலாம்" என்று தீர்ப்பு வெளியாகிவிட்டது. ஆல்பத்தின் மொத்த நீளம் அரைமணி நேரத்துக்கும் மேல். கழித்தல் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தப் பதிவின் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஐந்தாவது பாடலைக் கேட்டீர்களா?" அவ்வளவுதான். வசையில்லை, கிண்டலில்லை, பெயர் சொல்லி யாரையும் இழுக்கவில்லை. அதற்குக் கிடைத்த பதில்களை நீங்களே படித்திருப்பீர்கள். பூமர் என்றார்கள். கேசட் காலத்திலிருந்து வெளியே வாருங்கள் அங்கிள் என்றார்கள். பாடல்களைப் பரிந்துரைக்க எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவருக்கு என் வங்கிக் கணக்கைக் காட்டினால் அழுதுவிடுவார். இத்தனை பேரும் இத்தனை சொன்னார்களே தவிர, கேட்டேன் என்றோ கேட்கவில்லை என்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் சொல்வது மிக எளிமையானது. ஓர் ஆல்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும். முழுவதும் கேட்க வேண்டும். பல்லவியின் இரண்டு வரி வந்ததும் அடுத்த பாடலுக்குத் தாவி, அதிலும் இரண்டு வரி வந்ததும் அடுத்ததற்குத் தாவுவதற்குப் பெயர் கேட்பது இல்லை. பந்தியில் இலை போட்டவுடன் எழுந்து கைகழுவிவிட்டு, சாப்பாடு சரியில்லை என்று வாசலில் நின்று சொல்பவரை எந்தக் கல்யாண வீட்டிலாவது மதிப்பார்களா? இங்கே மட்டும் அவருக்கு ஆயிரம் விருப்பக்குறிகள் விழுகின்றன.

"பிடிக்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று கேட்பார்கள் என்று தெரியும். பிடிக்கவில்லை என்று சொல்ல நேரமே வேண்டாம். அது உங்கள் உரிமை, அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் "ஆல்பம் அவுட்" என்பதும் ஒன்றா? முதலாவது உங்களைப் பற்றிய செய்தி. இரண்டாவது, பல மாதம் உழைத்த நாற்பது ஐம்பது பேரின் மேல் எழுதப்படும் தீர்ப்பு. தீர்ப்பு எழுதுபவர் வழக்குக் கட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டாமா?

இன்னொரு வாதம் உண்டு, அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். "1976இல் அன்னக்கிளி வந்தபோது யாராவது ஒரு வாரம் பொறுத்திருந்து ரசித்தார்களா? முதல் தடவை வானொலியில் கேட்டபோதே ஊரே பாடவில்லையா? 1992இல் ரோஜா வந்தபோது கேட்ட கணமே பிடிக்கவில்லையா? நல்ல பாட்டு என்றால் முதல் தடவையே பிடிக்க வேண்டும்." சரி, பிடித்தது. உடனே பிடித்துப்போவதை நான் எப்போது குறை சொன்னேன்? உடனே பிடித்த பாட்டை மறுபடி மறுபடி கேட்போம். கேட்கக் கேட்க நம் கருத்து தானாகவே சோதிக்கப்பட்டுவிடும். உடனே ஒதுக்கிய பாட்டை மறுபடி யார் கேட்கிறார்கள்? அவசரப் பாராட்டு தவறாகப் போனால் இழப்பு ஒன்றுமில்லை, அவசர நிராகரிப்பு தவறாகப் போனால் ஒரு பாட்டே போய்விடும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து என்னை மடக்கிவிட்டதாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ரஹ்மான் ரசிகர்களிடையே "ஸ்லோ பாய்ஸன்" என்றொரு சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. கேட்கக் கேட்கத்தான் ஏறும் என்பது அதன் பொருள். இதைத் தோல்விக்குச் சொல்லப்படும் சமாதானம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அவர்கள் ‘இருவர்’ படத்தின் பாடல்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 1997இல் வந்த அந்தப் படம் வணிகரீதியாகத் தோற்றது. நாட்டை ராகத்தைத் தழுவிய ஒரு காதல் பாட்டு, அந்தக் கால மேற்கத்திய ஸ்விங் பாணியில் ஒரு பாட்டு, இசையும் உரையுமாக ஒலிக்கும் கவிதை என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் உருப்படிகள் அந்த ஆல்பத்தில் உண்டு. இன்று ரஹ்மானின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிடச் சொன்னால் அதை விட்டுவிட்டு எழுதத் துணிபவர்கள் குறைவு. அன்று கையில் கைப்பேசியோடு ஆறேகால் மணித் தீர்ப்பாளர்கள் இருந்திருந்தால் அதற்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? "ஐந்துக்கு இரண்டு, கதைக்குப் பொருத்தமாக இருந்தால் பார்க்கலாம்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கேசட் காலத்திலிருந்து வெளியே வரச் சொன்னவருக்கு, அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அறுபது நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், ஓரிரு நாளில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு அரைமணி நேரம். நாம் எழுதிக் கொடுக்கும் பாடல்கள் ஒருபோதும் சரியாக அரைமணியில் முடிவதில்லை. கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். அந்த மிச்ச நாடாவைக் கடைக்காரர் வெறுமனே விடமாட்டார். தனக்குப் பிடித்த எதையாவது அதில் போட்டுத் தருவார். என்ன போட்டிருக்கிறார் என்று சொல்லவும் மாட்டார், தாளில் எழுதவும் மாட்டார். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் வேகமாக ஓட்டினால் நாடா சிக்கிக்கொள்ளும் என்று அப்பா அதற்குத் தடை விதித்திருந்தார். ஆகவே பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த மிச்சத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படி ஒருமுறை கேசட்டின் முடிவில், யாருமே பாடாத ஒன்று வந்தது. வயலின் ஒன்று ஏதோ சொல்ல, மற்ற வயலின்கள் சேர்ந்து அதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. நான் எழுதிக் கொடுத்த பாடல்களைவிட அந்த மிச்சம்தான் நாளடைவில் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுபடி கடைக்குப் போனபோது அவர் மேல்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். 1986இல் இளையராஜா திரைப்படத்துக்கு வெளியே செய்த, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஹவ் டு நேம் இட் என்ற ஆல்பம் அது. "இந்த வயலின் வி. எஸ். நரசிம்மன் தம்பி, பேரை ஞாபகம் வெச்சுக்க" என்றார். மதிப்பெண் எதுவும் போடவில்லை. எங்கே செவி கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பரிந்துரை என்றால் எனக்கு இன்றுவரை அதுதான். இந்தக் காலத்திலிருந்துதான் என்னை வெளியே வரச் சொல்கிறார்கள்.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை, இதை எழுதுவதற்கு முன் நானும் செயலியில்தான் கேட்டேன். ஆனால் ஸ்பாட்டிஃபை ஒரு பாட்டை முப்பது விநாடி ஓடினாலே ஒரு கேட்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. முப்பது விநாடியில் பல பழைய பாடல்களின் முன்னிசைகூட முடிந்திருக்காது. வணிகத்துக்கு அந்த முப்பது விநாடி போதும் என்றால் அது அவர்கள் கணக்கு. ரசிகனுக்கும் அதே கணக்கா? 2011இல் கொலவெறி தனிப்பாட்டாக வந்து உலகத்தைச் சுற்றிய பிறகு, ஆல்பத்தைத் துண்டு துண்டாக வெளியிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. முதல் தனிப்பாடல், இரண்டாம் தனிப்பாடல், அவற்றுக்கு முன்னோட்டம், அந்த முன்னோட்டத்துக்கு ஓர் அறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தீர்ப்பு. முழு ஆல்பமும் வரும் நாளில், எல்லோரும் அதைப் பற்றி எப்போதோ முடிவெடுத்துவிட்டிருக்கிறார்கள்.

"எங்களுக்கு நேரமில்லை, எல்லோரும் உங்களைப்போல் வேலையற்று இருக்கிறோமா?" என்று கேட்டவருக்கு என் பதில்: நேரமில்லையென்றால் கேட்காதீர்கள். உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கேட்க நேரமில்லாதவருக்கு, அதைப் பற்றி எழுதவும், வருகிற ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் இரவு ஒருமணி வரை உட்கார்ந்து பதில் போடவும், மீம் தயாரிக்கவும் நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"அப்படியானால் இசை தெரிந்தவர்கள்தான் பேச வேண்டுமா?" இதை நான் சொல்லவே இல்லை. எனக்கும் ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. காது இருந்தால் போதும். ஆனால் காது இருக்கிறது என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் எழுத்தில் தெரிய வேண்டும் அல்லவா? அந்த ஆறேகால் மணிப் பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு பாட்டின் பெயர் இல்லை. ஒரு வரி இல்லை. இடையிசையைப் பற்றிப் பேச்சில்லை, பாடியவர் யாரென்றும் இல்லை, எழுதியவர் யாரென்றும் இல்லை. வேறு எந்த ஆல்பத்தின் கீழே அதை ஒட்டினாலும் அப்படியே பொருந்தும்.

ஒருவரைப் பாராட்டுவதற்கு இன்னொருவரைக் கீழே தள்ள வேண்டும் என்ற பழக்கமும் இதோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் தக் லைஃப் படத்தின் இசை வெளியீட்டு விழா நினைவிருக்கும். ஆல்பத்தில் ‘தீ’ என்ற பாடகி பாடிய ‘முத்த மழை’ பாட்டை, அவர் வர இயலாததால் சின்மயி மேடையில் பாடினார். அற்புதமாகப் பாடினார், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அடுத்த நாளிலிருந்து நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இரண்டு குரல்களைக் கேட்கும் பேறு கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் சிலர். தீயின் குரலைத் திட்டித் தீர்த்தவர்கள் பலர். கடைசியில் சின்மயியே தீயைப் புகழ்ந்து பேச வேண்டியதாயிற்று. பாடியவர்களுக்கு இருந்த பெருந்தன்மை கேட்டவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

விமர்சனமே கூடாது என்கிறாரா என்று யாரோ இந்நேரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். கூடாது என்று எங்கே சொன்னேன்? அந்த ஆல்பத்தின் இரண்டாம் பாட்டு எனக்கும் பிடிக்கவில்லை. தாளம் குரலை மூழ்கடிக்கிறது. ரீல்ஸுக்காகவே வெட்டி வைத்ததுபோல் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நான் அதைக் கேட்டேன். பிடிக்காமலே பலமுறை கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் பூமர் என்றது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வயதாவது எல்லோருக்கும் நடப்பது, அவர்களுக்கும் நடக்கும். பணம் வாங்கினேன் என்றதுதான் உறுத்துகிறது. ஒரு மனிதன் தனக்குப் பிடித்த பாட்டை, எந்த லாபமும் இல்லாமல், இன்னொருவரும் கேட்கட்டும் என்று சொல்வான் என்பதே நம்ப முடியாத செய்தியாகிவிட்டதா? இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடல்களைப் பற்றி எழுதி வருகிறேன். அதைப் படித்துவிட்டு நள்ளிரவில் "அண்ணா, இப்போதுதான் கேட்டேன்" என்று உள்பெட்டியில் எழுதியவர்களில் சிலர் நேற்று முன்தினம் அந்தப் பதிவில் சிரிப்புக்குறி இட்டிருந்தார்கள். பெயர்களைப் பார்த்தேன். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

பாடகரைப் பற்றியாவது சண்டை போடுகிறோம். வாசித்தவர்களைப் பற்றிச் சண்டை போடக்கூட ஆளில்லை. கேசட், குறுந்தகட்டு உறைகளில் பொடி எழுத்தில் குழல் யார், பாஸ் கிடார் யார் என்று அச்சிடும் வழக்கத்தை ரஹ்மானின் ஆல்பங்கள் இங்கே பரப்பின. நவீன் குமார், சிவமணி போன்ற பெயர்களை என் தலைமுறை அப்படித்தான் படித்துத் தெரிந்துகொண்டது. ராஜாவின் பாடல்களில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும் என்பது தெரியவந்தபோது நாங்கள் நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம். இன்றைய செயலிகளில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைத் தாண்டிப் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. தீர்ப்பாளர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது, ஏனென்றால் அந்த வாசிப்பு வரும் இடம் வரை அவர்கள் போவதே இல்லை.

ஆகவே தீர்ப்பாளர்கள் அடுத்த ஆல்பத்துக்குப் போகலாம்; வெள்ளிக்கிழமை இன்னொன்று வருகிறது, இப்போதே எழுதி வைத்துக்கொண்டால் ஆறேகால் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அந்த ஐந்தாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால், மற்ற எல்லாம் அடங்கி ஒரு செல்லோ மட்டும் தனியாக வருகிறது. அதை வாசித்தவர் யார் என்று எங்கும் போடவில்லை. ஒலிப்பதிவில் இருந்தவர்களையோ அவர்களைத் தெரிந்தவர்களையோ யாருக்காவது தெரிந்திருந்தால் பின்னூட்டத்தில் பெயரை மட்டும் எழுதுங்கள்.