மேட்டை அள்ளுவதற்கு முன்னால்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன் நான். தாத்தா, அப்பா இரண்டு பேருமே மைன்ஸ் ஆட்கள். ஆடிக்காற்று எழும்பினால் அம்மா முதலில் கொடியில் காயும் துணியை உருவிக்கொண்டு வருவாள். அடுத்து தண்ணீர்க் குடத்துக்கு மூடி. அதன்பிறகுதான் கதவைச் சாத்துவாள். சயனைடு மேட்டு மண் மாவு மாதிரி நைஸாக இருக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கில் புகுந்துவிடும்.

தங்கவயலைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாறையை வெட்டி, மேலே கொண்டுவந்து, பொடியாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சப் பொடியை ஊருக்கு நடுவிலேயே கொட்டினார்கள். நூற்றிருபது வருடம் கொட்டியது இன்று 13 மேடுகளாக நிற்கிறது. 1,003 ஏக்கர், சுமார் 3.3 கோடி டன். இவற்றைத் திரும்ப அள்ளி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

தங்கத்தை எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. என் கேள்வி அந்த மண்ணைப் பற்றியது. ஒரு டன் பொடியில் இருக்கும் தங்கம் கிராம் கணக்குதான். எடுத்த பிறகும் கிட்டத்தட்ட அதே 3.3 கோடி டன் பொடி மிஞ்சும். அதை எங்கே, எந்தச் சரிவில் கொட்டுவார்கள்? மேலே எத்தனை அடி நல்ல மண் போடுவார்கள்? என்ன நடுவார்கள்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்? ஊரை எப்படி அமைக்கப்போகிறோம் என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. டெண்டர் போட்ட பிறகு இதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

வேலை விஷயமாக இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தேன். எசன் நகரத்தில் ட்சோல்ஃபெராய்ன் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1986 டிசம்பரில் மூடினார்கள். ஷாஃப்ட், அதாவது ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, அதன் மேலிருக்கும் கோபுரத்தை உடைக்காமல் அப்படியே நிற்க வைத்திருக்கிறார்கள். கரி வண்டி ஓடிய தண்டவாளப் பாதையில் இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். தானாக முளைத்த பிர்ச் மரங்களை வெட்டவில்லை. நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரியாக்கிய பழைய அடுப்புகளின் ஓரமாகக் குளிர்காலத்தில் பிள்ளைகள் ஐஸில் சறுக்கி விளையாடுகிறார்கள். அதற்கு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது 2001இல். அதே 2001, பிப்ரவரி 28இல்தான் எங்கள் மைன்ஸை மூடினார்கள். அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று இந்த இரண்டு தேதியையும் நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பக்கத்து டூயிஸ்பர்க்கில் இருப்பது சுரங்கம் இல்லை, இரும்பாலை. 1985இல் மூடிய அந்த ஆலையைப் பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் பூங்காவாக மாற்றினார். ரொம்பக் கெட்டுப்போன மண்ணை வேறு ஊருக்கு லாரியில் ஏற்றி அனுப்பாமல், பழைய தாதுக் கிடங்குகளுக்குள் போட்டு மூடி, மேலே தோட்டம் வைத்தார்கள். 49 இரும்புத் தகடுகளைப் பதித்து ஒரு சதுக்கம் செய்தார்கள். ராத்திரியிலும் திறந்திருக்கிறது, டிக்கெட் கிடையாது. உழைத்தவனின் பேரன் டிக்கெட் எடுக்காமல் உள்ளே போகிறான் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது.

எங்கள் ஊரில் என்ன இல்லை? மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய ஷாஃப்ட் இருக்கிறது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. 1965இல் பூமிக்கடியில், எங்கள் சுரங்கத்துக்குள்தான், வளிமண்டல நியூட்ரினோவை, அதாவது காற்றுமண்டலத்தில் உண்டாகிப் பூமியையே துளைத்துப் போகும் நுண்துகளை, விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அந்த இடத்துக்கு மேலே ஒரு நல்ல மரநிழலும் நாலு வரி எழுதிய பலகையும் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் ஜனங்களுக்கு ஒற்றை அறை லைன். அவர்களுக்கென்று இருந்த பொது இடம் அவர்களே உண்டாக்கிக்கொண்டதுதான்: கோயில், சர்ச், தொழிற்சங்கக் கட்டடம். சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு எங்கள் ஊர் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. கையில் காசில்லாதவர்கள் கூடிப் பேச இடம் தேடிக் கண்டுபிடித்த ஊர் இது. பூங்கா என்றால் பணக்காரன் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “குடியிருக்கிற வீடே நம்ம பேர்ல இல்ல, பூங்கா எதுக்குப்பா?” என்றார். நியாயமான கேள்வி. பட்டா முதலில் வரவேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பட்டா வீட்டுக்குள்ளும் மேட்டுத் தூசிதானே வரும், மாமா? மேட்டை மண்போட்டு மூடிப் புல்லும் மரமும் வளர்ப்பது வருடக்கணக்கான வேலை. அதில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூலி உண்டு, நர்சரி உண்டு, காவல் வேலை உண்டு. வெறும் பொடியில் வேப்பங்கன்றை நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் சொல்லவில்லை. அந்தப் பொடியில் சத்தும் கிடையாது, ஈரமும் நிற்காது. முதலில் மேல்மண், பிறகு வெட்டிவேர் மாதிரி வேர் பிடிக்கிற புல், அப்புறம்தான் புங்கனும் வேம்பும்.

முதல் வேலையை எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் மாரிக்குப்பம் ஸ்டேஷன் வாசல் என்பேன். விடியும் முன் பெங்களூருக்கு ரயிலேறி இருட்டின பிறகு திரும்புகிற ஜனங்கள் தினமும் கால்வைக்கிற இடம் அது. நிழல், உட்கார மேடை, குடிக்கத் தண்ணீர், வீடுவரை வெளிச்சமுள்ள நடைபாதை. பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நடந்து வீடு சேரட்டும். பாழடைந்த ஷாஃப்ட் வாய்களைப் பத்திரமாக மூடுங்கள், கோபுரங்களைப் பழைய இரும்புக்கு விற்காதீர்கள்.

இன்னொன்று. மேடுகளைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் எப்போது வைத்தாலும் அறிவிப்பைக் கன்னடத்தோடு தமிழிலும் ஒட்டுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற ஆறு நாளும் எங்கள் ஊர் ரயிலில் இருக்கிறது.