"பைத்தியக்கார ராணி" என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்த 40 விநாடிக் காணொளியை யாரோ எனக்கே அனுப்பி, கீழே மூன்று சிரிப்பு முகங்களும் போட்டிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பேச்சாளர் ஸ்பெயின் அரச வம்சத்தைப் பற்றி அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ராணி ஹுவானாவின் பெயர் வந்ததும் குரலில் ஒரு குஷி ஏறியது. "புருஷன் பிணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பைத்தியக்கார ராணி." அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த ராஜாவுக்குப் போய்விட்டார். நான் எழுந்து, "அவளை எத்தனை வருடம் அடைத்து வைத்தார்கள் என்று சொல்லவில்லையே?" என்றேன். "அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள், நேரம் குறைவு." அதற்கும் சிரிப்பு. காணொளியில் இருப்பது அந்த இரண்டாவது சிரிப்பு.

46 வருடம் ஐயா. 1509-இல் தோர்தெசியாஸ் அரண்மனையில் கொண்டுபோய் வைத்தபோது அவளுக்கு வயது 29. 1555 ஏப்ரலில் சாகும்வரை காவல்தான். இதைச் சொல்ல மேடையில் நேரம் இல்லை. பிணத்தைச் சொல்ல நேரம் இருந்தது.

அந்தப் பிணக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1506 செப்டம்பரில் புர்கோஸ் நகரத்தில் கணவன் பிலிப் இறந்தான், 28 வயதில். அவள் ஆறாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். உடலைத் தெற்கே கிரனாடாவில் அடக்கம் செய்யக் குளிர்காலத்தில் புறப்பட்டாள். வழியில், 1507 ஜனவரியில், தோர்கெமாதா என்ற சிற்றூரில் பிள்ளை பிறந்தது. இதற்குள் இங்கிலாந்து ராஜா ஏழாம் ஹென்றி பெண் கேட்க ஆரம்பித்துவிட்டார். கணவனை இன்னும் அடக்கம் செய்யாத விதவையை இன்னொருவனுக்குக் கட்டிவைப்பது எளிதல்ல. கிரனாடா பக்கம் போய்விட்டால் தெற்கத்திப் பிரபுக்களின் ஆதரவும் கிடைக்கக்கூடும். அந்த ஊர்வலத்தில் துக்கத்தோடு கணக்கும் இருந்தது என்று வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போடும் பெண்ணைப் பார்த்தால் சிரிப்பு வராதே!

ஓவியர் பிரதில்லா 1877-இல் வரைந்த அந்தப் பெரிய ஓவியத்தைத்தான் பேச்சாளர் திரையில் காட்டினார். வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டவெளி, வாடைக்காற்று, பெட்டியின் பக்கத்தில் மெழுகுவத்திகள், ஒரு பக்கமாகச் சாயும் புகை. நடுவில் கருப்பு உடையில் நிற்கிறாள், நிறைமாதம். சுற்றி உட்கார்ந்திருக்கும் பரிவாரத்தின் முகங்களைப் பாருங்கள். "எப்போது கிளம்புவோம்" என்கிற சலிப்பு. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அதே முகங்களைப் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கிரீடம் அவள் பெயரில் இருந்தது. அதுதான் அவளுக்கு வந்த நோய். தாய் இசபெல்லா 1504-இல் இறந்தபோது ஸ்பெயினின் பெரும்பகுதியான காஸ்டில் ராஜ்ஜியம் போனது தகப்பனுக்கு அல்ல, கணவனுக்கும் அல்ல, ஹுவானாவுக்கு. 1506 ஜூனில், அதுவரை கீரியும் பாம்புமாக இருந்த மாமனாரும் மருமகனும், அதாவது அவள் தகப்பனும் கணவனும், வில்லாஃபாஃபிலா ஒப்பந்தத்தில் ஒன்றானார்கள். எதில் ஒன்றானார்கள்? இவள் ஆளத் தகுதியற்றவள் என்பதில். அன்றைக்கே தகப்பன் ஃபெர்டினாண்ட், இதை நான் மனம் ஒப்பிச் செய்யவில்லை என்று இரகசியமாக இன்னொரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். இவருக்குப் புத்தி தெளிவாம். அடுத்த மாதம் வய்யதோலித்தில் கூடிய காஸ்டில் பிரதிநிதி சபை அவளைத் தகுதியற்றவள் என்று அறிவிக்கவில்லை, ராணியாகவே ஏற்று உறுதிமொழி எடுத்தது. இதுவும் மேடையில் வரவில்லை.

கணவன் போனதும் தகப்பன். 1516-இல் தகப்பன் போனதும் மகன் சார்லஸ். மூன்று ஆண்கள், ஒரே பூட்டு.

"அவளுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்தது, பாட்டிக்கும் இருந்தது" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதினார். இருக்கலாம். இருந்திருந்தால்தான் என்ன? அதே ஸ்பெயினை 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஐந்தாம் பிலிப் மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ மாட்டார், நகம் வெட்ட விடமாட்டார். 1724-இல் முடி துறந்து, மகன் இறந்ததும் அதே வருடம் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரை யாரும் பூட்டவில்லை. 1737-இல் ஃபரினெல்லி என்ற பெரும் பாடகரை வரவழைத்து இரவுதோறும் பாட வைத்தார்கள். ராஜாவுக்குச் சங்கீதம், ராணிக்குச் சிறை.

"அந்தக் காலம் அப்படி" என்பது இன்னொருவர். இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. அந்தக் காலத்தில்தான் அவள் தாய் இசபெல்லா முப்பது வருடம் ஆண்டாள். அவள் நாத்தனார் மார்கரெட் நெதர்லாந்தை நிர்வாகம் செய்தாள். மார்கரெட்டுக்குப் பின் ஹுவானாவின் சொந்த மகள் மேரி அதே வேலையை 1555 வரை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பின் சார்லஸ் வெளிநாடு போனபோது, தான் உயிரோடு இருந்தவரை ஸ்பெயினைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி. பெண்ணுக்கு ஆளத் தெரியும் என்பது அந்த வீட்டு ஆண்களுக்கு நன்றாகவே தெரியும். காரியஸ்தராக இருக்கலாம், உரிமைக்காரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். (இதை வாசிக்கும் பெண்களில் எத்தனை பேர் கணவர் பெயரில் இருக்கும் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?)

என் பெரிய அத்தையைப் பற்றி இங்கே எழுதியதில்லை. மாமா இறந்தபோது அத்தைக்கு 34 வயது, பிள்ளைகள் இல்லை. கிணற்றோடு சேர்ந்த வயல் அவர் பேருக்கு வர வேண்டியது. ஆறு மாதத்தில் "அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று உறவில் பேச்சு கிளம்பியது. தனியாகப் பேசுகிறாளாம், இரவில் வயலுக்குப் போகிறாளாம். அவருடைய வயல், அவர் போனார்! கைநாட்டு எப்போது வாங்கினார்கள் என்று தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோது அத்தை பின்கட்டு அறையில் இருந்தார். நான்தான் தட்டில் சோறு கொண்டுபோவேன். வாங்கிக்கொண்டு, "இந்தப் போகம் எத்தனை மூட்டை?" என்று கேட்பார். நான் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வேன். "பொய் சொல்லாதே, அந்த மண்ணுக்குப் பதினெட்டுக்குக் குறையாது" என்பார். பெரியவர்களிடம் விசாரித்தேன். பதினெட்டுதான். அதைக்கூடப் பைத்தியத்தின் உளறல் என்றுதான் சொன்னார்கள்.

அத்தைக்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஹுவானாவின் தகப்பன் இறந்ததை அவளிடம் மறைத்தார்கள். 1518-இல் காவலுக்கு வந்த தேனியா பிரபு, உங்கள் தகப்பனார் நலமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். 1520-இல் சார்லஸின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்கள் தோர்தெசியாஸுக்குள் புகுந்து சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. பொய்யான உலகம் ஒன்றை அவளைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவள் உளறுகிறாள் என்றார்கள். அத்தையிடம் நான் சொன்ன மூட்டைக் கணக்கும் அதே ரகம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சோறு கொண்டுபோன கை என்னுடையது.

அந்தக் கலகக்காரர்கள் தங்கள் ஆணைகளில் அவள் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டிருந்தால் சார்லஸின் ஆட்சியே ஆடிப்போயிருக்கும். கடைசிவரை போடவில்லை. டிசம்பரில் மகனின் படை ஊரை மீட்டது, தேனியா பழையபடி காவலுக்கு வந்தான். மகனைக் காப்பாற்றியதற்கு மகன் தந்த கூலி இன்னும் 34 வருடம்.

அந்த மகன்தான் 1518-இல், அவளோடு இருந்த கடைசிப் பெண்குழந்தை கத்தாலினாவைச் சுவரில் துளை போட்டு இரவோடு இரவாகக் கொண்டுபோனவன். தாய் சாப்பிட மறுத்தாள். குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பைத்தியக்காரி என்று நீங்கள் சொல்லும் பெண் பட்டினி கிடந்து, உலகத்தில் பாதியை ஆண்ட மகனைப் பணிய வைத்தாள். இதை மேடையில் சொன்னால் கைதட்டல் வராதா என்ன? 1525-இல் போர்ச்சுகல் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து அந்தப் பெண்ணையும் கூட்டிப்போனார்கள். அதன்பின் முப்பது வருடம் தனியே.

காணொளியின் கீழே ஒருவர், "இந்த அம்மாவுக்கும் ஒரு திருகு கழன்றிருக்கும் போல" என்று எழுதியிருக்கிறார். 112 பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள். நான்கு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. வருடம் கேட்ட ஒரு கேள்விக்கு இவ்வளவா? "ஆண்கள் மேல் உங்களுக்கு வெறுப்பு" என்று எழுதிய தம்பிக்கு: உன் முதல் கவிதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தது யார் என்று வீட்டில் கேட்டுப் பார்.

மெக்சிகோ நாணயச்சாலையில் அந்தக் காலத்தில் அடித்த வெள்ளிக் காசுகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். சார்லஸ் பெயரோடு ஹுவானா பெயரும் இருக்கும். கடல் தாண்டிப் பெயர் போனது, ஆளை வாசல் தாண்ட விடவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன். முன்வரிசையில்தான் உட்காருவேன். எனக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.