பச்சை காட்டிய டெஸ்டும் 2.40 கிலோ ரப்பர் பாலும்

இரண்டு பெரிய கேனில் ரப்பர் பால் விற்கச் சுமந்து வந்த ஒரு அம்மாவுக்கு, பால் வாங்கும் கடையில் நாங்கள் எழுதிய எடை மென்பொருள் 2.40 கிலோ என்று சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது. தராசின் முகப்பில் 32.40 என்று சிவப்பாகத் தெரிகிறது, சீட்டில் 2.40. பாலில் இருக்கும் உலர் ரப்பரின் அளவை, அதாவது டி.ஆர்.சி.யை, 35 சதவீதம் என்று போட்டால் 11.34 கிலோ உலர் ரப்பருக்கு வர வேண்டிய காசு, 0.84 கிலோவுக்கு வந்திருக்கும். "என்ன மக்களே, விடியுமுன்ன எழும்பி வெட்டின பாலு, ரெண்டரைக் கிலோகூட இல்லையா?" என்று அவர் கேட்டபோது கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே, களியக்காவிளை போகும் வழியில் இருக்கிறது அந்தக் கடை. நான் தினமும் குழித்துறையில் ரயில் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரம் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிற சி ப்ளஸ் ப்ளஸ் நிரல்தான் இந்தப் பக்கம் பால் நிறுக்கிறது. அங்கே அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னால் முதலில் வந்த பதில்: "டெஸ்டெல்லாம் பாஸாணல்லோ."

ஆமாம், பாஸ்தான். நிரலின் ஒவ்வொரு துண்டையும் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் நானூற்றுச் சொச்சம், அத்தனையும் பச்சை. டெஸ்ட் ஓடும்போது நிரலில் எத்தனை வரி ஓடியது என்று சொல்லும் கவரேஜ் 90 சதவீதத்துக்கு மேல். எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

நடந்தது இது. பிரிண்ட் பொத்தானை அழுத்தினால் தராசு ஒரு முறை எடையை சீரியல் போர்ட் வழியாக, ஒவ்வொரு எழுத்தாக, கணினிக்கு அனுப்பும். வேகம் 9600 பாட், அதாவது செகண்டுக்கு 9600 பிட். அப்படியென்றால் ஒரு எழுத்து வந்து சேர ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். 32.40, அதோடு வரி முடிவுக்கு இரண்டு எழுத்து, மொத்தம் ஏழு. நிரல் நடுவில் போய் ரீட் செய்தால் அதுவரை வந்ததுதான் கையில் கிடைக்கும். அன்றைக்கு முதல் ரீடில் 3 மட்டும் வந்தது. வரி முடிவு இல்லை என்று எங்கள் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. அடுத்த ரீடில் 2.40, வரி முடிவோடு. முழு எடை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. வந்ததைச் சேர்த்து வைக்க ஒரு பஃபர் இல்லை. சீரியல் போர்ட் தெரிந்த யாரும் முதலில் கேட்கும் கேள்வி அது.

நானூறு டெஸ்டில் ஒன்றுகூட ஏன் இதைப் பிடிக்கவில்லை? எல்லா டெஸ்டிலும் போர்ட் என்பது, கூகுள்மாக் என்ற சி ப்ளஸ் ப்ளஸ் கருவியில் செய்த ஒரு பொய் போர்ட், அதாவது மாக். ரீட் கூப்பிட்டால் 32.40-ஐ வரி முடிவோடு முழுசாகத் திருப்பு என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். நிரலை எழுதியவர் போர்ட் எப்படி நடக்கும் என்று நம்பினாரோ, அதே நம்பிக்கையில் மாக்கையும் அவரே எழுதினார். தப்பான நம்பிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். தராசை யாருமே கேட்கவில்லை.

நிஜத்துக்குப் பதில் இந்த மாக்கை நுழைக்க நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபங்ஷனை மாற்றி வைக்கலாம். ஜாவாவில் மாக்கிட்டோ என்ற கருவி ஓடும் நேரத்திலேயே வகுப்பை மாற்றியோ புதிதாக உருவாக்கியோ கொள்ளும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் அது நடக்காது. சாதாரண ஃபங்ஷன் அழைப்பு எங்கே போகும் என்பது நிரலை ஓடும் வடிவமாக மாற்றி இணைக்கும்போதே, அதாவது கம்பைல், லிங்க் செய்யும்போதே முடிவாகிவிடும். சின்ன ஃபங்ஷன் என்றால் கம்பைலர் அதை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடவும் கூடும். இடையில் கை வைக்க இடமில்லை. எதை அழைப்பது என்று ஓடும்போது முடிவாகும்படி ஃபங்ஷனை விர்ச்சுவல் ஆக்கு, அல்லது கம்பைல் செய்யும்போது டைப்பை மாற்றித் தரும்படி டெம்ப்ளேட் ஆக்கு, அல்லது துண்டுகளை இணைக்கும் லிங்கரிடம் ரேப் ஆப்ஷன் கொடுத்து ஏமாற்று. எங்கள் குழு எல்லாவற்றையும் விர்ச்சுவல் ஆக்கியது. ஒரே ஒரு போர்ட்தான் உண்டு, அதற்கு நிஜமும் பொய்யும் மாறி மாறிப் பொருந்த ஒரு இன்டர்ஃபேஸ். ஒரே ஒரு பிரிண்டர், அதற்கும் ஒன்று. கடிகாரத்துக்கு ஒன்று. விலையைப் பெருக்கிச் சொல்லும் வகுப்புக்குக்கூட ஒன்று! பெருக்கலை எதற்கு மாக் செய்ய வேண்டும்? நிஜமாகவே பெருக்கிப் பார்த்தால் என்ன?

அப்புறம் மாக் எழுத கூகுள்மாக் தரும் அந்தச் சுருக்கக் கட்டளைகள், மேக்ரோக்கள். திருப்பித் தரும் டைப்பில் ஒரு கமா இருந்தால் போதும், மேக்ரோவை விரிக்கும் ப்ரீப்ராசஸர் அதை இரண்டு துண்டாக வெட்டிவிடும். கூடுதலாக ஒரு அடைப்புக்குறி போடாவிட்டால் பக்கம் பக்கமாகப் பிழை வரும். நம் நிரலைப் பற்றி அதில் ஒரு வரி தேடுவதற்குள் தேநீர் ஆறிவிடும். மாக் வகுப்பு கூடக் கூட, மொத்த நிரலையும் கம்பைல் செய்து சேர்க்கும் பில்டும் மெதுவாகிறது. மாக்கை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரையும் அழிக்கும் டிஸ்ட்ரக்டரையும் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள் என்று கூகுள்மாக் கையேடே சொல்கிறது. அதையும் செய்தோம். இரண்டு ஃபங்ஷனை முன்பின் மாற்றி அழைத்தால் இருபது டெஸ்ட் சிவப்பாகிறது, நடத்தை அப்படியே சரியாக இருக்கும்போதும். 32.40-ஐ 2.40 ஆக்கும் பிழைக்கு மட்டும் பச்சை.

கூகுள்மாக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல கருவி. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் என்ன ஆகும், போர்ட் திறக்க மறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க அது வேண்டும், அந்த டெஸ்டுகளை நான் தொடப்போவதில்லை. வெளி உலகம் எப்படிப் பேசும் என்பதை மாக்கில் எழுதிவிட்டு, உலகத்தையே சோதித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கவரேஜ் எண் மீட்டிங்கில் காட்ட நன்றாக இருக்கிறது. அந்த வரி ஓடியது என்றுதான் அது சொல்லும். சரியாக ஓடியதா என்று சொல்லாது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எடையைப் பிரிக்கும் பகுதியைத் தனியே எடுத்தேன். இன்டர்ஃபேஸ் இல்லை, விர்ச்சுவல் இல்லை. பைட் உள்ளே போகும், எடை வெளியே வரும், அவ்வளவுதான். கடைத் தராசிலிருந்து நிஜமாக வந்த பைட்டுகளை ஒரு கோப்பில் பதிந்து வந்திருந்தேன். அதை ஒவ்வொரு இடத்திலும் இரண்டாக வெட்டி ஊட்டினேன், பிறகு ஒவ்வொரு பைட்டாகவும் ஊட்டினேன். பழைய நிரல் முதல் வெட்டிலேயே விழுந்தது. டெஸ்ட் முப்பது வரிகூட இல்லை, மாக் ஒன்றுகூட இல்லை.

காலையில் குழுவினர் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு அனுப்பினேன். அதில் பதினோரு மாக் டெஸ்டை அழித்திருந்தேன். "கவரேஜ் குறைகிறதே, அதைத் திரும்பச் சேர்க்க முடியுமா?" என்று ஒரு கருத்து வந்து நிற்கிறது. முடியாது என்று எழுதிவிட்டேன். கூடவே அந்த 2.40 சீட்டையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.